ஓனர் திருப்தி

மாசிலாமணியின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் சாவியை உடனே கையில் கொடுத்துவிட மாட்டார். ஓனரை வண்டிமேல் உட்காரவைத்து, எதிரே செல்போனை நீட்டி, "திருப்தியாகீதா சார்?" என்று கேட்பார். ஓனர் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். அதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டுக்கொண்ட பிறகுதான் சாவி. அடையாறில் கால்வாய்க்கு முதுகைக் காட்டியபடி தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு வேறு விளம்பரம் ஏது.

மாணிக்கவாசகம் தன் பழைய பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பழைய பைக் என்பது முன்பாதிக்கு மட்டும்தான் பொருந்தும். டாங்க், ஹேண்டில்பார், முன்சக்கரம் எல்லாம் அதேதான். பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு, ஆட்டோ அச்சு ஒன்றைப் பொருத்தி, அதில் இரண்டு சக்கரம் மாட்டி, ஆள் உட்கார அகலமான ஒரு சீட்டும் துணி மூட்டை வைக்க ஒரு பெட்டியும் கட்டியிருந்தார் மாசிலாமணி. பிரேக்கும் கியரும் காலை விட்டுக் கைக்கு வந்துவிட்டன. வேலை போன கால்கள் சும்மா உட்கார்ந்துவர, பக்கத்துக்கு ஒன்றாக இரும்புத் தகடு வைத்திருந்தார்.

"சொல்லு சார்."

"நல்லாயிருக்கு."

"இன்னா சார், எழவு வூட்டு சாப்பாட்ட நல்லாகீதுன்ற மாதிரி சொல்ற? சிரிச்சிக்கினே சொல்லு."

மாணிக்கவாசகம் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, "நல்லாயிருக்கு" என்றார். போனில் ஓட்டிப் பார்த்த மாசிலாமணிக்கு அதுவும் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற புஷ்பத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் வேணும்னா சொல்லட்டுமா? எனக்கு ரொம்பத் திருப்தி," என்றாள்.

"ஓனர்தாம்மா சொல்லணும். உன் வூட்டுக்காரர கொஞ்சம் உசுரோட பேசச் சொல்லு."

அடுத்த தடவை, "ரொம்பத் திருப்தியா இருக்கு, மாசிலாமணிக்கு நன்றி" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். ஓனருக்கு எப்படியோ, மாசிலாமணிக்குத் திருப்தி. சாவியை எடுத்துக் கொடுத்தார். வண்டிக்குக் கட்டப் பூ வாங்குவதற்காகப் புஷ்பம் தெருமுனைக்குப் போனாள்.

"சார், ஒரு விசயம்," என்று மாசிலாமணி குனிந்து வலப்பக்கத் தகட்டைத் தட்டிக் காட்டினார். "பின்னால அச்சு வந்துட்சில்ல, சைலன்சருக்கு எடமில்ல. திருப்பி இந்தத் தகட்டுக்கு அடியில வுட்டுக்கீறேன். மேல ஒட்ட ரப்பர் மேட்டு சொல்லிக்கீது, நாளைக்கி வந்துரும். அதுவரைக்கும் தகடு கொதிக்கும், செருப்பு இல்லாம ஓட்டாத, இன்னா?"

மாணிக்கவாசகம் தலையாட்டினார். செருப்பில்லாமல் அவர் எங்கே போகப்போகிறார்? குளியலறைக்கே அவர் செருப்போடுதான் போய்வந்துகொண்டிருந்தார்.

சர்க்கரை செய்த வேலை அது. முதலில் விரல்கள் மரத்தன. பிறகு பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருந்தது. பிறகு பஞ்சும் போய்விட்டது. கணுக்காலுக்குக் கீழே அவருக்குக் கால் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தி.நகரில் அவரும் தம்பி பாலகணேஷும் நடத்துகிற கடையில் ஜாக்கெட் பிட்டு, லைனிங், புடவைக்கு வைக்கிற ஃபால்ஸ் எல்லாம் விற்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அவர்கள் அப்பா போட்ட கடை. கடைக்குள் செருப்பு போடும் வழக்கம் கிடையாது. துணி மடிப்பிலிருந்து உதிர்ந்த குண்டூசி ஒன்று காலில் முழுசாக ஏறியதை அறியாமல், ஒரு பகல் பூராவும் ஏணியில் ஏறி இறங்கி வியாபாரம் பார்த்தவர் அவர். கடைசியில் வலது காலின் சுண்டுவிரலை எடுக்கும்படி ஆனது.

"இந்தக் கால்ல இனி ஒரு காயம் வந்தா விரலோட நிக்காது," என்று அப்போது டாக்டர் சொன்னார். "காலைக் காப்பாத்துறேன்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

அதைக் கேட்டதிலிருந்து அந்தக் காலுக்குப் புஷ்பம்தான் சொந்தக்காரி. சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பில் வீட்டுக்கு ஒரு ஜோடி, வெளிக்கு ஒரு ஜோடி வாங்கினாள். தினமும் விளக்கேற்றியதும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விரலிடுக்கெல்லாம் விரித்துப் பார்ப்பாள். குதிகால் வளைவுக்குக் கைக்கண்ணாடி பிடித்துப் பார்ப்பாள். சாமி காரியம்கூட ஒருநாள் தவறும். இது தவறியதில்லை.

அப்படியும் அவர் பைக் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர் என்று டெய்லர் கடைகளுக்கெல்லாம் துணி கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. கல்லாவில் தம்பி, ரோட்டில் அண்ணன். ஒருநாள் தேனாம்பேட்டை சிக்னலில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். ஊன்றியதாக நினைத்தார் என்பதுதான் சரி. கால் தரைக்குப் போய்ச் சேர்ந்ததா, இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று காலுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. வண்டியோடு சாய்ந்தார். பின்னால் வந்த பஸ் டிரைவருக்கு நல்ல பிரேக் வாய்த்திருந்தது.

அன்றே பாலகணேஷ் சாவியைப் பிடுங்கிவிட்டான். கடையில் ஃபேனுக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, "இருங்கண்ணே, நீங்க இருந்தாலே போதும்" என்றான். இருந்தார். பெண்கள் புடவையை விரித்து மேட்சிங் கேட்டபோது இருந்தார், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இருந்தார், தீபாவளிக்கும் இருந்தார். சாப்பாட்டில் உப்பில்லாததை யாராவது சொன்னால்தான் கவனித்தார். ஊரில் அத்தை செத்த செய்தி வந்தபோது, "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரமரப்பு கணுக்காலோடு நின்றுவிடவில்லை.

புஷ்பத்துக்கு இது பயமாக இருந்தது. காலை மடியில் வைத்துப் பார்க்கலாம், மனசை எங்கே வைத்துப் பார்ப்பது? அவளேதான் மாசிலாமணியின் படங்களைத் தேடிக் கண்டுபிடித்தாள். மூன்று சக்கரத்தில் உட்கார்ந்து திருப்தி, திருப்தி என்று சிரிக்கிற ஓனர்களை ஒருவர் விடாமல் பார்த்தாள். கொழுந்தனோடு சண்டை போட்டாள். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் டாக்டரிடமும் தானே அலைந்தாள். வண்டி வந்துவிட்டால் முதல் ஓட்டமே வடபழனிக்குத்தான் என்று முருகனிடமும் சொல்லிவைத்துவிட்டாள்.

ஆகவே வண்டி வடபழனிக்குப் போனது. பாலகணேஷ் மாலையோடு வந்து காத்திருந்தான். மாணிக்கவாசகம் கோயிலுக்குள் போவதில்லை. செருப்பைக் கழற்ற வேண்டுமே. வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் விற்கிற பெண் பைக்குக்கு இரண்டு, காருக்கு நாலு என்று கை பழகியவள். இந்த வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தினிம்மா?" என்று புஷ்பத்தையே கேட்டாள். குருக்கள் வெளியே வந்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, திங்கக்கெழமலருந்து ரோட்டு வேல ஒங்களுக்குத்தான்," என்றான் பாலகணேஷ். கடையில் மத்தியான வியாபாரம் இருந்ததால் உடனே கிளம்பிவிட்டான்.

மாணிக்கவாசகம் சாவியைத் திருகப் போனபோது புஷ்பம் தடுத்தாள்.

"ஏங்க, செருப்பக் கழட்டித் தாங்க. பூச போட்ட வண்டியில செருப்புக் காலோட மொத ஓட்டம் ஓட்டப்பிடாது."

"செருப்பையா?" என்றார்.

"வீடு போய்ச் சேருத வரைக்குந்தான். ஒங்களுக்குக் கால ஊன்றுத வேலையே இல்லையே இப்ப. தரையில படவா போவுது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கல், முள், ஆணி, குண்டூசி எல்லாம் கீழேதானே கிடக்கின்றன. கால் கீழே போகவே போகாத வண்டி இது. அதற்காகத்தானே இவ்வளவு பாடும். மாசிலாமணி சொன்னது அவருக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வாய்வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் முகம் வாடும், பிறகு அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வேலை அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. பெரிய அசதியாக இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டார். புஷ்பம் செருப்பைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பின் சீட்டில் ஏறினாள். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழமும் நசுங்கின.

கோடம்பாக்கம் பாலத்தில் வண்டி தயங்காமல் ஏறியது. இறக்கத்தில் வளைந்தபோது அவர் உடம்பு பழைய பழக்கத்தில் ஒருபக்கம் சாய்ந்தது. வண்டி சாயவில்லை. அது தன்பாட்டுக்கு நிமிர்ந்து நின்று திரும்பியது. முன்பெல்லாம் புஷ்பம் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், வளைவில் அந்தப் பிடி இறுகும். இப்போது அவள் அகலமான சீட்டில் தனியாக, பிரசாதப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழப்போவதில்லை என்றான பிறகு யார் யாரைப் பிடிக்கப்போகிறார்கள்?

தேனாம்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்தது. அதே இடம். வண்டி நின்றது. அவர் காலை ஊன்றவில்லை. இரண்டு பாதங்களும் தகட்டின் மேல் சமர்த்தாக இருந்தன. சுற்றிலும் பைக்கில் வந்தவர்கள் ஆளுக்கொரு காலை ஊன்றிக்கொண்டு நிற்க, அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்து பைக்கிலிருந்த ஒருவன், "சூப்பரா இருக்கு அங்கிள், எங்க செஞ்சீங்க?" என்றுகூடக் கேட்டான். இந்த இடத்தில் சந்தோஷம் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வரட்டும் என்று காத்திருந்தார். பச்சை விழுந்தது.

"பெசன்ட் நகர் வரைக்கும் போய்ட்டு வருவமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் புஷ்பம். அவள் குரலில் இருந்த துள்ளலுக்காகவே சரியென்றார். மந்தைவெளியில் தங்கள் தெருவைத் தாண்டி நேராக விட்டார். அடையாறு பாலத்தில் ஏகப்பட்ட நெரிசல். முதல் கியரில் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

"என்னமோ கருகுத வாட வருதே?" என்றாள்.

அவரும் மூக்கை உறிஞ்சினார். வரத்தான் செய்தது.

"புதுப் பெயிண்டு. சூட்டுல காயுது," என்றார்.

அவள் நம்பினாள். அவரும் நம்பித்தான் சொன்னார்.

கடற்கரையில் இறங்கவில்லை, வெறுங்காலோடு அவரை மணலில் விட அவளுக்கு என்ன பைத்தியமா? ரோட்டோரம் வண்டியிலேயே உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். சாயங்காலக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. மாசிலாமணியின் படம் அதற்குள் யூடியூபில் ஏறிவிட்டது. புஷ்பம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். ரொம்பத் திருப்தியா இருக்கு, ரொம்பத் திருப்தியா இருக்கு என்று உதட்டை இழுத்துக்கொண்டு சொல்கிற ஆளை அவரும் பார்த்தார். யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷனாகத் தெரிந்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் முதல் காரியமாகச் செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள். மாட்டிக்கொண்டு இறங்கி உள்ளே போனார். அவள் விளக்கேற்றப் போனாள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுச் செருப்புக்கு மாறுவதற்காக வலது செருப்பைக் கழற்றினார். செருப்பு உள்ளே ஈரமாக இருந்தது. தண்ணீரை எங்கே மிதித்தோம் என்று யோசித்தபடி காலைத் தூக்கி மறுதொடைமேல் போட்டுப் பார்த்தார்.

உள்ளங்காலின் முன்பாதி வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்து, தோல் ஒருபக்கமாக ஒதுங்கி, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. தகட்டின் விளிம்பு பட்ட இடத்தில் கோடு போட்ட மாதிரி கறுத்திருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. பயமும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காலை யாரோ கொண்டுவந்து தன் தொடைமேல் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இன்னொரு காயம் வந்தால் விரலோடு நிற்காது. சொல் புரிந்தது. அவ்வளவுதான். கொடியில் கிடந்த காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

புஷ்பம் திருநீறோடு வந்தாள். நெற்றியில் பூசிவிட்டு, வழக்கம்போல் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் புஷ்பம். வண்டிய விட்டு எறங்கவே இல்லையே."

"நாலு நிமிசம் ஆவுமா? தாங்க." மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இதென்ன, வீட்டுக்குள்ள காலுறை?"

உருவினாள். முழுசாக வரவில்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கை நின்றது. மெதுவாக விடுவித்து எடுத்தாள். கண்ணாடிக்கு வேலை இருக்கவில்லை.

கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை. வாசல் பக்கம் திரும்பி வண்டியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு கழற்றிப் போட்டிருந்த அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

"நாந்தானே வாங்கி வச்சேன்," என்றாள். "நீங்க போட்டுக்கிட்டுத்தான் இருந்திய. நாந்தானே வாங்கிப் பையில வச்சேன்."

அதையே இன்னொரு தடவை சொன்னாள். அவள் முகத்தில் எதுவுமே இல்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை, துடைத்துவிட்ட பலகையாக இருந்தது. அந்த முகம் மாணிக்கவாசகத்துக்குத் தெரியும். ஃபேனுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து அவரே மாட்டிக்கொண்டிருந்த முகம் அது. அவள் மேல் அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு பதறியது. நிஜமாகவே பதறியது. மாசக்கணக்கில் எங்கேயோ போயிருந்தது திடீரென்று வந்து இடித்ததில் மூச்சே சரியாக வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுது," என்றார்.

"என்ன தெரிஞ்சுது?"

"சுட்டுது. பாலத்து மேலயே சுட்டுது. நீ வேண்டிக்கிட்ட வண்டியாச்சே, மொத ஓட்டமாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். ஒன்மேல தப்பில்ல. நான் செஞ்ச கிறுக்குத்தனம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவர் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"கிறுக்கேதான்! சுடுதுன்னா சொல்லப்பிடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா? சாமி கேட்டுதா ஒங்க கால?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். குரல் இறங்கிவிட்டது. "அப்போ... உணர்ச்சி இருக்கா கால்ல?"

"இருக்கு."

"நெசமாவா?"

"கொஞ்ச நாளாவே இருக்கு. சும்மா சொல்லிக் கெடுத்துக்க வேண்டாமேன்னு இருந்தேன்."

புஷ்பத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். உடனே எழுந்தும் விட்டாள். "கெளம்பணும், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். அதுக்கு முன்ன லேசாத் தொடச்சு மூடிவிடுதேன், தூசி படப்பிடாது" என்று பேசிக்கொண்டே ஓடினாள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், பஞ்சு, சுத்தமான வெள்ளைத் துணி எல்லாவற்றையும் எடுத்துவந்து, மறுபடி காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிச்சா சொல்லணும், என்ன? பொறுத்துக்கிடக் கூடாது."

"சொல்லுதேன்."

பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். மாணிக்கவாசகம் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வழியில்லை. அவள் கை காயத்தின் ஓரத்துக்குப் போனபோது முகத்தைச் சுளித்தார். கை விலகியபோது மூச்சை விட்டார். இரண்டு மூன்று தடவை சரியாக நடந்தது. அவளும் ஒவ்வொரு தடவையும், "ஆச்சு, ஆச்சு" என்றாள். அடுத்தது நடுக்காயம். பஞ்சு இறங்கி வந்தது.

"ஸ்ஸ்..." என்றார்.

பஞ்சு இன்னும் காலில் பட்டிருக்கவில்லை. ஒரு விரற்கடை மேலே, தண்ணீர் சொட்டாமல், அந்தரத்தில் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தெருவில் யாரோ வண்டியைப் பார்த்துவிட்டு ஹாரனை அமுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

புஷ்பம் தலையை நிமிர்த்தவில்லை. பஞ்சை மெல்லக் காயத்தின் மேல் வைத்தாள்.

"இப்பத்தாங்க வச்சேன்," என்றாள்.

மாணிக்கவாசகம், "ஸ்ஸ்" என்றார்.

"எரியத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து வாயைக் குவித்து, அந்தக் காலுக்கு இதமாக ஊத ஆரம்பித்தாள்.